முழங்காலுக்குக் கீழே நாடி அடைப்பு: பலூனா, ஸ்டென்ட்டா? அம்பாறைக் கரையோர நோயாளியை முன்னிறுத்திய ஒரு மதிப்பீடு

சுருக்கம்

நீரிழிவு நோயாளியின் முழங்காலுக்குக் கீழுள்ள நாடிகள் அடைபட்டால் அவற்றைப் பலூனால் விரித்து விடுவதா, ஸ்டென்ட் வைப்பதா என்ற வினாவுக்கு, எந்தக் கருவி நாடியைக் கூடிய காலம் திறந்து வைத்திருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் விடை தேடப்படுகிறது. அந்த அளவுகோல் தனித்து நின்றால் போதாது என இக்கட்டுரை வாதிடுகிறது. நாடி திறந்திருக்கும் காலத்தையும் புண் ஆறும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், அம்பாறைக் கரையோர நோயாளிக்குப் பலூனே முதல் தெரிவாகவும், ஸ்டென்ட் வரையறுத்த இடங்களுக்கான துணைக் கருவியாகவும் அமைவதே பொருத்தம். கருவிக்குச் செலவிடுவதற்கு முன்னர் கால் விரல் அழுத்தத்தை அளப்பதற்கும் புண் பராமரிப்புக்கும் செலவிட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு.

திறவுச்சொற்கள்: நீரிழிவுப் பாதம், கீழ்க்கால் நாடிகள், பலூன் அஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட், அவயவ நீக்கம், கிழக்கிலங்கை

1. களம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலையில், அம்பாறைக் கரையோரத்தில், கோமாரி என்ற கிராமம் இருக்கிறது. தெற்கே பொத்துவில்; வடக்கே திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை. தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து வரும் இந்தக் கரையில் ஆதார வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என ஒவ்வோர் ஊரிலும் ஒன்றாவது உண்டு, கல்முனையில் இரண்டு. ஆனால் கோமாரியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு முந்நூறுக்கு மேல். நாடிச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் பிரிவுகளோ பெரும்பாலும் கொழும்பு, கண்டி போன்ற பெருநகரங்களைச் சார்ந்தே இருக்கின்றன. சிகிச்சை இலவசம், போக்குவரத்து இலவசமல்ல.

2018-19இல் நடத்தப்பட்ட இலங்கைச் சுகாதார, மூப்படைதல் ஆய்வு, நாட்டின் வளர்ந்தோரில் சுமார் 23 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நால்வரில் ஒருவர் என்ற நிலைக்கு இது கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஊர்வழக்கில் 'சீனி வருத்தம்' எனப்படும் இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்குவதை மக்கள் அறிவார்கள். காலைத் தாக்குவது பெரும்பாலும் விரல் கறுத்த பின்னர்தான் தெரியவருகிறது. உணர்வு மங்கிய பாதம் வயல் வரப்பிலும், நண்பகலில் கொதிக்கும் கடற்கரை மணலிலும், கோயில் வீதியிலும் செருப்பில்லாமல் நடக்கிறது. கதிர்காமத்துக்கான பாத யாத்திரை ஆண்டுதோறும் இந்தக் கரை வழியாகவே உகந்தை முருகன் ஆலயத்தை அடைந்து குமணக் காட்டுக்குள் நுழைகிறது. முள் குத்தியதையும் கொப்புளம் உடைந்ததையும் அறியாமலே நடந்து முடிப்பவர்கள் அதில் இருப்பார்கள். மறுபுறம், ஐவேளைத் தொழுகைக்கு வுழூச் செய்யும் ஒருவர் நாளுக்கு ஐந்து தடவை வரை தம் பாதத்தைக் கழுவுகிறார். விரல் இடுக்கைக் கோதுகிறார். பாதத்தைப் பரிசோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்தக் கிளினிக்கிலும் கிடைக்காது. ஈரத்தைத் துடைக்காமல் விட்டால் அதே இடுக்கில் பூஞ்சணமும் வெடிப்பும் தொடங்கும்.

இந்தக் களத்திலிருந்து பார்க்கும்போது, கருவிகளைப் பற்றிய சர்வதேச விவாதம் சற்று வேறு உருவில் தெரிகிறது.

2. எந்த நாடி, என்ன அடைப்பு

முழங்காலின் பின்புறமாக இறங்கும் நாடி கீழே மூன்று கிளைகளாகிறது: முன்கால் நாடி, பின்கால் நாடி, இவ்விரண்டுக்கும் இடையே இறங்கும் பெரோனியல் நாடி. இவற்றின் உள்விட்டம் இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர். புகைப்பவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் தொடையில் வரும். நீண்டகால நீரிழிவும் சிறுநீரகப் பழுதும் உள்ளவர்களுக்கு இந்த மூன்று கிளைகளிலும் வருகிறது. அதன் இயல்பும் வேறு. ஒரே இடத்தில் கட்டியாக நிற்காமல் நாடியின் நீளத்துக்கே பரவுகிறது. பத்து, இருபது சென்ரிமீற்றர் வரை முற்றாக மூடிய பகுதிகள் சாதாரணம். நாடிச் சுவரின் நடுப்படையில் கல்சியம் படிந்து அது குழல் போல விறைத்துப் போகிறது.

இந்த விறைப்பு நோயறிதலையே ஏமாற்றுகிறது. கணுக்காலில் பட்டி கட்டி அழுத்தம் அளந்தால், விறைத்த நாடி நசுங்காமல் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்ட விகிதம் 1.4ஐயும் தாண்டலாம், தாளைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியென்றே தோன்றும். பெருவிரலில் அளந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் தவிர்கிறது, ஏனெனில் விரல் நாடிகள் இவ்வளவுக்கு விறைப்பதில்லை. விரல் அழுத்தம் 30 மில்லிமீற்றர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் புண் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. காலை இழக்கும் ஆபத்து எனப்படும் நிலை அதுதான்.

3. கருவிகள் செய்வதும் செய்யாததும்

காலில் அடைபட்ட நாடியைக் குழாய்வழியாகத் திறக்கும் முறை, காலை வெட்ட மறுத்த ஒரு நோயாளியிடமிருந்தே தொடங்கியது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லன்டில், விரல்கள் அழுகிய நிலையிலும் அவயவ நீக்கத்துக்குச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடை நாடியை சார்ள்ஸ் டொட்டர் ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய குழாய்களால் விரித்தார். பாதம் பிழைத்தது. 1974இல் சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனைக் கொண்டுவந்தார். இதய நாடிக்கு அது போனது 1977இல்தான். காலே முந்தியது.

இன்று கீழ்க்கால் நாடியில் நடப்பது இது. இடுப்பு மடிப்பில் ஊசி ஏற்றி, மிக மெல்லிய கம்பி ஒன்று அடைப்பினூடாகப் பாதம் வரை நகர்த்தப்படுகிறது. அதன்மேல் ஏறிச் செல்லும் ஒடுங்கிய நீண்ட பலூன் சில நிமிடங்கள் ஊதிய நிலையில் வைக்கப்படுகிறது. திரையில் இதுவரை வெறுமையாக இருந்த இடத்தில் சாயம் ஓடுகிறது. அந்தக் காட்சி பார்ப்பவரைத் திருப்திப்படுத்தும். ஆனால் 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கீழ்க்கால் நாடி விரிக்கப்பட்ட 30 பேருக்குப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் படமெடுத்தபோது ஏறக்குறைய எல்லோரிலும் நாடி சுருங்கத் தொடங்கியிருந்தது. சராசரியாக உள்விட்டத்தில் 29 வீதம் இழக்கப்பட்டிருந்தது. இதன் பின்விளைவை ஜப்பானில் இருந்து 2012இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது: மூன்று மாதத்தில் அஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தபோது விரித்த நாடிகளில் 73 வீதம் மீண்டும் ஒடுங்கியிருந்தன.

ஸ்டென்ட் இந்தச் சுருக்கத்தை முட்டுக்கொடுத்துத் தடுக்கிறது. உலோக வலையில் பூசிய மருந்து, நாடிச் சுவரின் கலங்கள் வளர்ந்து மீண்டும் அடைப்பதையும் தாமதிக்கிறது. ஆனால் முழங்காலுக்குக் கீழே பயன்பட்டவை பெரும்பாலும் இதயத்துக்காகச் செய்த ஸ்டென்ட்கள். அவற்றின் நீளம் பொதுவாக 38 மில்லிமீற்றரைத் தாண்டுவதில்லை. இருபது சென்ரிமீற்றர் அடைப்புக்கு ஆறு ஸ்டென்ட்களை ஒன்றோடொன்று மேவி வைக்க வேண்டும். பலூனால் விரியும் இவ்வகை உலோகம் வெளியிலிருந்து நசுங்கினால் தானாக மீளாது. கணுக்காலை அண்டிய பகுதியில் ஸ்டென்ட் வைக்க வேண்டாம் என்று வழமையாகச் சொல்வதற்கு இதுவே காரணம். குந்தியிருந்து வேலை செய்பவருக்கும், சுஜூதில் விரல்களை மடித்துக் கணுக்காலை வளைத்து நாளுக்குப் பலமுறை தொழுபவருக்கும் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கருவிப் பரிசோதனைகள் பெரும்பாலும் நடந்த மேற்கு நாடுகளில் நோயாளிகளின் கணுக்கால்கள் பொதுவாக இவ்வளவு வளைவதில்லை.

4. சான்றுகளை எப்படி வாசிப்பது

ஸ்டென்ட்டுக்கு ஆதரவான சான்றுகள் வலுவாகத் தோன்றுவது 2011-12 காலத்து மூன்று பரிசோதனைகளால். 200 பேரைக் கொண்ட அக்கிலீஸ் பரிசோதனையில் ஓராண்டில் நாடி மீண்டும் ஒடுங்கியது மருந்து பூசிய ஸ்டென்ட் குழுவில் 22.4 வீதம், பலூன் குழுவில் 41.9 வீதம். 140 பேரைக் கொண்ட டெஸ்டினியில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் 85 வீதத்தினருக்கு ஓராண்டின் பின்னும் நாடி திறந்திருந்தது. மருந்தில்லா ஸ்டென்ட் குழுவில் 54 வீதம். 161 பேரைக் கொண்ட யூகோன் பரிசோதனையிலும் இதே திசையில்தான் விடை, 80.6 வீதமும் 55.6 வீதமும். டெஸ்டினியும் யூகோனும் பலூனோடு ஒப்பிடவில்லை. ஒரு ஸ்டென்ட்டை இன்னொரு ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டன. அவை நிறுவுவது மருந்தின் பலனை மட்டுமே.

மேலும் இம்மூன்றிலும் அடைப்பின் சராசரி நீளத்தைக் கவனிக்க வேண்டும். அக்கிலீஸில் சுமார் 27 மில்லிமீற்றர், யூகோனில் சுமார் 31, டெஸ்டினியில் 20க்கும் குறைவு. மேற்சொன்ன நீரிழிவு நோயாளியின் பத்து, இருபது சென்ரிமீற்றர் அடைப்பில் இது பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான பங்கே. குறுகிய அடைப்பில் நிரூபித்ததை நீண்ட அடைப்புக்கு நீட்டுவதற்கு இவ்வெண்கள் இடம் தருவதில்லை. அக்கிலீஸில் வென்ற சைஃபர் ஸ்டென்ட்டைத் தயாரிப்பாளரே 2011இல் கைவிட்டார் என்பதும் வாங்குபவருக்கு ஒரு பாடம்.

நீண்ட அடைப்புக்குப் பொருந்தும் கருவியை உருவாக்கும் முயற்சிகள் தடுமாறின. மருந்து பூசிய பலூனைச் சோதித்த இன்பாக்ட் டீப் பரிசோதனையில், 2014இல் 358 பேரிடம் ஓராண்டு முடிவில் வெறும் பலூனைவிட மேன்மை எதுவும் தென்படவில்லை. பெரிய அவயவ நீக்கம் மருந்துப் பலூன் குழுவில் 8.8 வீதம், வெறும் பலூன் குழுவில் 3.6 வீதம். அந்த வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் கருவி சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. தானாக விரியும் மருந்து ஸ்டென்ட்டைச் சோதித்த சாவல் பரிசோதனையிலும் ஓராண்டில் நாடி திறந்திருந்த விகிதம் ஸ்டென்ட் குழுவில் 68, பலூன் குழுவில் 76. நீளமான அடைப்பில் எளிய பலூன் தோற்கவில்லை.

2023இல் வந்த லைஃப்-பிடிகே பரிசோதனை காட்சியை ஓரளவு மாற்றியது. காலப்போக்கில் கரைந்துவிடும், எவரோலிமஸ் மருந்து பூசிய சாரக்கட்டை 261 பேரிடம் பலூனோடு ஒப்பிட்டபோது, ஓராண்டு இலக்கை அடைந்தவர்கள் 74 வீதமும் 44 வீதமும். அமெரிக்காவில் 2024இல் அதற்கு அனுமதி கிடைத்தது. இந்த வேறுபாடு மெய்யானது. ஆனால் அது பெரும்பாலும் நாடி மீண்டும் ஒடுங்குவதிலும் மூடுவதிலும் இருந்து வந்தது. அவயவ நீக்கத்தில் இரு குழுவும் பெரிதாக வேறுபடவில்லை. இங்கும் அடைப்பின் சராசரி நீளம் 44 மில்லிமீற்றர் அளவே. பாதத்தில் பெரும்பகுதி அழுகிய நோயாளிகள் சேர்க்கப்படவில்லை.

பலூனையும் ஸ்டென்ட்டையும் ஒப்பிட்ட முந்தைய சான்றுகளுக்குத் தொகுப்பாக, ஏழு பரிசோதனைகளையும் 542 நோயாளிகளையும் திரட்டிய 2018ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வு இருக்கிறது. சிகிச்சை மேசையில் நாடியைத் திறப்பதில் ஸ்டென்ட் முந்தியது. குறுகிய கால நாடித் திறப்பு, சிக்கல்கள், ஓராண்டுக்குள் அவயவ நீக்கம், மரணம் ஆகியவற்றில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. நோயாளி கேட்பது கடைசி இரண்டைப் பற்றித்தான்.

5. தொலைவு என்ற எதிர்வாதம்

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழுகிறது. கொழும்பில் இருப்பவருக்கு நாடி மீண்டும் ஒடுங்கினால் அடுத்த வாரமே திரும்பச் செய்து கொள்ளலாம். கோமாரியில் இருப்பவர் வாகனம் பிடித்து, கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு நாள் கூலியை இழந்து மீண்டும் போக வேண்டும். அவருக்குத்தான் நீடித்து நிற்கும் சிகிச்சை தேவை. எனவே தொலைவு கூடக் கூட ஸ்டென்ட்டின் பெறுமதியும் கூடுகிறது என்பதே அந்த வாதம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆயினும் மூன்று காரணங்களால் அது முழுமை பெறவில்லை. முதலாவது, நீண்ட அடைப்பில் ஸ்டென்ட் நீடிக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. நீடிப்பது காட்டப்பட்டது குறுகிய அடைப்பில் மட்டுமே. இரண்டாவது, ஸ்டென்ட் மூடிப்போகும் விதம் வேறு. பலூனால் விரித்த நாடி மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. ஸ்டென்ட்டோ, ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தடைப்பட்டால் குருதிக்கட்டியால் திடீரென மூடக்கூடும். 2022இல் வெளிநாட்டு நாணயம் வற்றி மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் பரவியபோது, தொடர்ந்து கிடைக்கும் என்று நம்பிய மாத்திரையே ஒரு நிபந்தனையாக மாறியதை எல்லோரும் பார்த்தோம். தொலைவில் இருப்பவரின் மருந்து விநியோகமும் தொலைவில்தான் இருக்கிறது. மூன்றாவது, அடைப்பைத் தாண்டி ஒரு நாளத்தை இணைத்துக் குருதிக்கு மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் என்ற வழி. பலூன் தோற்றால் நாடி பெரும்பாலும் முன்னிருந்த நிலைக்குத் திரும்புகிறது. பைபாஸ் நாளத்தை இணைக்க வேண்டிய இடத்தில் ஸ்டென்ட் கிடந்தால் அந்த வழி அடைபடுகிறது.

பைபாஸை இவ்விவாதத்தில் ஒதுக்கிவிடக் கூடாது. 2022இல் வெளியான, 1,830 பேரைக் கொண்ட பெஸ்ட்-சிஎல்ஐ பரிசோதனையில், தொடையில் நல்ல நாளம் உள்ளவர்களுக்குப் பைபாஸ் மேலாக இருந்தது: கால் தொடர்பான பெருந்தீங்கோ மரணமோ பைபாஸ் குழுவில் 42.6 வீதத்தினருக்கு, குழாய்வழிச் சிகிச்சைக் குழுவில் 57.4 வீதத்தினருக்கு. அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் பேசில்-2 எதிர்த்திசையில் போனது. அங்கு ஆராயப்பட்டது குறிப்பாக முழங்காலுக்குக் கீழான நோய். நோயாளிகள் 345 பேர். பெரிய அவயவ நீக்கமோ மரணமோ நிகழ்ந்தவர்கள் பைபாஸ் குழுவில் 63 வீதம், குழாய்வழிக் குழுவில் 53 வீதம். வேறுபாடு பெரும்பாலும் மரணங்களால். இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரு விதி பிறக்கிறது. நல்ல நாளமும் தாங்கும் உடலும் உள்ளவருக்குப் பைபாஸை மனதில் வைத்தே குழாய்வழிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். முதியவருக்கும் இதய, சிறுநீரகப் பழுதுள்ளவருக்கும் பலூனே பாதுகாப்பான வாசல்.

6. இரண்டு கால அளவுகள்

முன்னர் சொன்ன 73 வீதம் பலூனுக்கு எதிரான மிகக் கடுமையான எண். ஆனால் நாடிகள் அவ்வளவு ஒடுங்கியும் கால்கள் அந்த விகிதத்தில் இழக்கப்படுவதில்லை. புண் ஆறுவதற்கு வேண்டிய குருதி, ஆறிய தோலைக் காப்பதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. புண் மூடிய பின் நாடி மீண்டும் ஒடுங்கினால், பல நோயாளிகள் அதை உணர்வதே இல்லை. ஆகவே போட்டி பலூனுக்கும் ஸ்டென்ட்டுக்கும் இடையில் நடப்பதாகக் கருதுவதை விட, நாடி திறந்திருக்கும் காலத்துக்கும் புண் ஆறும் காலத்துக்கும் இடையில் நடப்பதாகக் கருதுவதே பொருத்தம். பலூன் மூன்று மாதம் தந்து, புண் இரண்டரை மாதத்தில் ஆறினால் பலூன் வென்றது. ஸ்டென்ட் பன்னிரண்டு மாதம் தந்தும், தினமும் அமுக்கம் படும் குதிக்கால் புண் ஆறாமலே இருந்தால் ஸ்டென்ட் தோற்றது.

இந்த இரண்டு கால அளவுகளில் எதைக் குறைந்த செலவில் மாற்றலாம் என்பதே கொள்கை வகுப்பவர் முன்னுள்ள வினா. நாடி திறந்திருக்கும் காலத்தை நீட்ட விலையுயர்ந்த இறக்குமதிக் கருவி வேண்டும். புண் ஆறும் காலத்தைக் குறைக்க வேண்டுவன: அழுகிய திசுவை நேரகாலத்தோடு வெட்டி எடுத்தல், புண்மேல் எடை விழாத காலணி அல்லது மாவுக்கட்டு, கிருமித் தொற்றுக்குத் தக்க மருந்து, சீனிக் கட்டுப்பாடு, புகைத்தலை நிறுத்தல். இவை அனைத்தையும் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ செய்ய முடியும்.

காலத்தைத் தின்னும் மற்றொன்று தாமதம். புண்ணோடு வந்தவருக்கு வாரக்கணக்கில் மருந்து கட்டி, விரல் கறுத்த பின் கிளினிக் திகதி எடுத்து, கொழும்பை அடையும்போது, பலூன் விரிக்க நாடி இருக்கலாம். காப்பாற்றப் பாதம் இருக்காது. அந்தக் கட்டத்தில் எந்தக் கருவி சிறந்தது என்று விவாதிப்பதில் பொருளில்லை.

7. பரிந்துரைகள்

மேற்கண்ட வாதத்திலிருந்து இக்கரையோரத்துக்கு ஒரு நடைமுறை ஒழுங்கை முன்வைக்கலாம். பாதப் புண்ணோடு வரும் ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் முதல் நாளிலேயே கைக்கடக்கமான டொப்ளராலும் விரல் அழுத்தமானியாலும் பரிசோதனை நடக்க வேண்டும். கணுக்கால் அளவு மட்டும் போதாது. புண், குருதி, தொற்று என்ற மூன்றையும் தனித்தனியே 0 முதல் 3 வரை தரமிடும், 2014இல் அறிமுகமான முறையைத் தாதியரும் எளிதில் கையாளலாம்; அந்தத் தரமே மாற்றுக் கடிதத்தில் இடம்பெற வேண்டும். விரல் அழுத்தம் 30க்குக் கீழே இருந்து, திசு இழப்பும் இருந்தால் நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்புமுன் காலின் நாளத்தை ஸ்கேன் செய்து வைத்தால் பைபாஸ் பற்றிய முடிவு அங்கே தாமதிக்காது.

சிகிச்சை மேசையில் பலூன் முதல் தெரிவாகட்டும். மருந்து பூசிய ஸ்டென்ட்டை இரண்டு நிலைகளுக்கு ஒதுக்கலாம்: கீழ்க்கால் நாடியின் மேல்மூன்றிலொரு பகுதியிலுள்ள குறுகிய அடைப்பு, பலூனுக்குப் பின் நாடிச் சுவர் கிழிந்தோ சுருங்கியோ குருதி ஓடாத நிலை. முன் சொன்ன தொலைவு வாதம் முதல் நிலையில் முழுப் பலத்தோடு பொருந்துகிறது. அங்கே கோமாரியிலிருந்து வரும் நோயாளிக்கு, அருகில் இருப்பவரைவிட ஸ்டென்ட் ஏற்றது. கணுக்காலை அண்டிய பகுதியில் வேண்டாம். மருந்து ஒழுங்காகக் கிடைக்கும் என்று உறுதியில்லாதவருக்கும் வேண்டாம்.

இறுதியாக, விளைவை அளக்கும் முறை மாற வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் கரையோர ஆதார வைத்தியசாலைகளும் இணைந்து ஒரு பதிவேட்டைத் தொடங்கலாம். அதில் முதல் நிரல் நாடி திறந்திருந்ததா என்பதாக இருக்கத் தேவையில்லை. புண் ஆறிய திகதியும், ஓராண்டின் பின் நோயாளி தன் காலில் நிற்கிறாரா என்பதும் முதலில் வரட்டும்.

8. முடிவுரை

இம்முடிவு நிரந்தரமானதல்ல. நீண்ட அடைப்புள்ள நீரிழிவு நோயாளிகளைச் சேர்த்து, புண் ஆறுதலையும் அவயவ நீக்கத்தையும் முதன்மை இலக்காக வைத்து நடத்தும் பரிசோதனையில் கரையும் சாரக்கட்டோ புதிய ஸ்டென்ட்டோ வென்றால், பலூனுக்கு முதலிடம் கொடுக்கும் நியாயம் தளரும். அதுவரை, ஒரு மாகாணத்தின் சுகாதார வரவு செலவில் ஒரு ரூபாய் மேலதிகமாகக் கிடைத்தால் அது முதலில் விரல் அழுத்தமானிக்கும், அடுத்துப் புண் பராமரிப்பு அணிக்கும், அதன் பின்னர் பலூனுக்கும், கடைசியாக ஸ்டென்ட்டுக்கும் போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் கொள்முதல் திட்டம் எதுவாயினும், குறுகிய அடைப்புள்ள வேறொரு நாட்டு நோயாளிக்காக எழுதிய விடையை இந்தக் கரையின் நோயாளிக்குப் பிரதி செய்வதாகவே அமையும்.